இந்த மாதத் தீமை

லிஃப்ட் நின்று பத்தொன்பதாவது நாள், கீழே அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஏறியது. ஐந்தாம் மாடிப் பல்செட்டுக்காரி இரண்டு கையிலும் பையோடு நின்று அதைப் படித்தாள்.

"மொட்டைமாடி லிஃப்ட் மெஷின் அறையின் சாவி ஆணியிலிருந்து காணாமல் போனது தற்செயல் அல்ல என்று செயற்குழு கருதுகிறது. தீமை எதுவும் நம்மை உயர்த்தவே வருகிறது. எனவே பூட்டை உடைக்கும் யோசனை மாத இறுதிவரை ஒத்திவைக்கப்படுகிறது. அதுவரை படிகளைப் பயன்படுத்தி உயர்க. இப்படிக்கு, செயலாளர்."

கடைசிக்கு முந்தைய வரியை அவள் இரண்டு முறை படித்தாள். செயலாளர் குடியிருப்பது தரைத்தளத்தில்.

அவளுக்குத் தொண்ணூற்றாறு படிகள். உட்கார்ந்து எண்ணவில்லை, பத்தொன்பது நாளில் கணக்கு தானாகக் காலில் ஏறிவிட்டது. வீட்டின் பின்னறைதான் அவளுடைய பட்டறை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு வைத்து, பல் அடுக்கி, மெருகேற்றி அனுப்புவாள். ஊரில் பாதிப் பேர் அவள் செய்த பல்லால்தான் சிரித்தார்கள். முகம் பார்த்தது நாலைந்து பேரைத்தான். செவ்வாய்க்கிழமை தோறும் இருபத்தைந்து கிலோ பிளாஸ்டர் மூட்டை வரும். ஆனால் அவள் கவலை மூட்டை அல்ல. மூட்டையை யாராவது தூக்கிவிடலாம். மாமனாரைத் தூக்க முடியாது.

மாமனாருக்கு முழங்காலில் இரும்புத் தகடு. பத்துப் படிக்கு மேல் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. வலது கண் எப்போதோ போய்விட்டது. இடது கண்ணில் புரை முற்றி, எதிரில் நிற்பது மருமகளா அலமாரியா என்பதைக் குரல் வந்த பிறகுதான் முடிவு செய்தார். நாலு மாதம் காத்திருந்து கண் ஆஸ்பத்திரியில் தேதி வாங்கியிருந்தார்கள்: அடுத்த வியாழன், காலை எட்டரை. தவறினால் இன்னும் நாலு மாதம். போன வாரம் அவர் பட்டறையிலிருந்த ரோஜா நிற மெழுகுக் கட்டியை எடுத்து முகம் கழுவிவிட்டு வந்து, "நுரையே வரலையேம்மா, சோப்பு கம்பெனி மாத்திட்டியா?" என்று கேட்டார். நாலு மாதத்தில் அவர் எதை எடுத்து எங்கே தேய்ப்பார் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

கணவர் சாப்பாட்டு மேசையில் மோவாயைத் தாங்கியபடி உட்கார்ந்திருந்தார். அரசு அலுவலகம் ஒன்றில் வருகிற தபாலுக்கு எண் போடுகிற வேலை. முகத்தில் எட்டு மாதமாக ஓர் அமைதி குடிவந்திருந்தது. அதைப் பார்த்தாலே அவளுக்குக் கை அரித்தது.

"பூட்டை உடைக்க மாட்டாங்களாம். நீங்களும் அந்தச் செயற்குழுவுல இருக்கீங்கல்ல?"

"இருக்கேன்."

"கை தூக்கினீங்களா?"

"தூக்கினேன்."

"எதுக்கு?"

"ஒத்திவைக்கத்தான்."

அவள் பையைக் கீழே வைத்தாள். வெங்காயம் ஒன்று உருண்டு அவர் காலடியில் போய் நின்றது. அவர் அதையும் கனிவோடு பார்த்தார்.

எட்டு மாதத்துக்கு முன் செயலாளர் கட்டடத்தில் அகவளர்ச்சி வட்டம் ஒன்றை ஆரம்பித்தார். நல்லவர்களால் நமக்கு ஒரு பயனும் இல்லை, கெட்டவர்கள்தான் ஆன்மாவுக்கு உரம் என்பது அவர் கண்டுபிடிப்பு. முதலில் எல்லோரும் சொந்தத் தீமைகளைக் கொண்டுவந்தார்கள். ஒருவருக்கு மேலதிகாரி, ஒருவருக்கு மாமியார், ஒருவருக்குத் தம்பி. நாளடைவில் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் மிகவும் நல்லவர்களாகிவிட்டதால் கட்டடத்தில் தீமைக்குப் பஞ்சம் வந்தது. வளர்ச்சி அப்படியே நின்றுபோனது. செயலாளர் யோசித்து ஓர் ஏற்பாடு செய்தார். மாதம் ஒன்றாம் தேதி பிஸ்கட் டின்னில் மடித்த சீட்டுகள். ஒன்றில் மட்டும் கறுப்புப் புள்ளி. அது யாருக்கு வருகிறதோ அவர்தான் அந்த மாதத் தீமை. யார் என்று சொல்லக்கூடாது, கேட்கக்கூடாது. மாதம் முடியும் முன் நிறுத்தக்கூடாது. ஒரு மாதத்துக்கு ஒரு தீமைதான். அதற்கு மேல் ஆன்மா தாங்காது.

போன மாதம் யாரோ எல்லோருடைய செருப்பையும் ஜோடி மாற்றி வைத்தார்கள். அதற்கு முந்தின மாதம் எல்லா வீட்டு நாளிதழிலும் கடைசிப் பக்கம் காணாமல் போனது. இதையெல்லாம் கணவர் இப்போதுதான், நெருக்கிப் பிடித்த பிறகு, சொன்னார்.

"அப்ப இந்த மாசம் லிஃப்ட் சாவி."

"இருக்கலாம்."

"உங்கள்ல ஒருத்தர் கிட்டத்தான் இருக்கு. யாருன்னு விசாரிங்க."

"விசாரிச்சா வளர்ச்சி நின்னுடும்."

"விசாரிக்காட்டி உங்கப்பா கண்ணு நின்னுடும். பெத்தவரோட கண்ணை அடகு வச்சு என்னங்க வளர்ச்சி உங்களுக்கு? காலையில பால் வாங்கிட்டு வரத் தெரியலை, ஆன்மா மட்டும் எட்டு மாசமா வளருதாம். வளர்ந்து எங்க முட்டி நிக்குதுன்னு கொஞ்சம் காட்டுங்க, நானும் பாக்கறேன்."

அவர் கண்ணை மூடினார். நெஞ்சில் கை வைத்தார். "நன்றி" என்றார்.

இதுதான். இந்த நன்றியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டினால் எதிர்த்துப் பேசுகிற புருஷனோடு குடும்பம் நடத்தலாம். பேசாமல் எழுந்து போகிறவனோடும் நடத்தலாம். திட்டத் திட்ட உயர்ந்துகொண்டே போகிறவனை என்ன செய்வது? தண்ணீரில் ஆணி அடிப்பது போலத்தான்.

உள்ளறையிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "என்னம்மா, திட்டி முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன் மாமா."

"ஏதாவது பலன்?"

"நன்றி சொன்னார்."

"அடப்பாவி" என்றார் மாமனார்.

மறுநாள் கணவர் பிராயச்சித்தமாக ஒரு காரியம் செய்தார். வட்டத்தில் இன்னொருவரைக் கூட்டிவந்து, அப்பாவை நாற்காலியில் வைத்துக் கீழே இறக்கி ஒத்திகை பார்ப்பதாகச் சொன்னார். மாமனாரின் எடை தொண்ணூறு கிலோ. படிக்கட்டு ஓர் ஆள் அகலம். ஒன்பது படி இறங்கியதும் முன்னால் பிடித்தவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நாற்காலி சாய்ந்தது.

"விடாதீங்க, இதுவும் ஒரு சோதனை" என்றார் கணவர், மூச்சு வாங்கியபடி.

"உன் ஆன்மா வளர்றதுக்கு என் முதுகெலும்பு எதுக்குடா? மேல கொண்டுபோய் வை" என்றார் அப்பா.

ஒன்பது படி ஏற இருபது நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு அவள் பூட்டுக்காரர் ஒருவரை அழைத்து வந்தாள். அவர் மொட்டைமாடிவரை ஏறி, இரும்புக் கதவில் ஒட்டியிருந்த "செயலாளர் கையெழுத்தின்றித் தொடக்கூடாது" என்ற தாளைப் பார்த்து, "கையெழுத்து வாங்கி வைங்கம்மா, அப்புறம் கூப்பிடுங்க. ஆனா திரும்ப ஏறுவேனான்னு சத்தியம் பண்ண முடியாது" என்று சொல்லி இறங்கிப் போனார்.

இந்த அலங்கோலத்தில் ஒரே ஆறுதல் தராசு. மூன்றாம் மாடிக்காரர், கடைகடையாகப் போய் எடைக்கற்களைச் சரிபார்க்கும் அரசாங்க ஆய்வாளர். வேலையை வைத்துக் கட்டடம் அவருக்கு இந்தப் பெயரை வைத்திருந்தது. பதினோரு வருடமாக அங்கே இருக்கிறார். அவர் குரல் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. வட்டத்திலும் கடைசி வரிசை. ஆனால் லிஃப்ட் நின்றதிலிருந்து மனிதர் காலையும் மாலையும் படிக்கட்டின் அடியில் வந்து நிற்கிறார். யார் பையோடு வந்தாலும் வாங்கிக்கொண்டு மேலே போகிறார். முதல் மாடி டீச்சருடைய நோட்டுக் கட்டு, நாலாம் மாடிக் கைக்குழந்தை, இவளுடைய பிளாஸ்டர் மூட்டை, எல்லாம் அவர் தோளில்தான் ஏறின. "இந்தக் கட்டடத்துல மனுஷன்னு சொன்னா தராசு ஒருத்தன்தான்" என்று மாமனார் தீர்ப்பே எழுதிவிட்டார். தராசின் கன்னத்தில் கொஞ்சம் சதை கூடப் போட்டிருந்தது.

அன்று மாலை கணவர் கைக்குட்டையில் எதையோ பொதிந்து எடுத்து வந்தார். பிரித்தால் செயலாளரின் மேல்வரிசைப் பல்செட். வாஷ்பேசினில் தவறி விழுந்து நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை சார் பேசணும். அதுக்குள்ள ஒட்டித் தரணுமாம்."

"அவரே கொண்டு வர்றதுக்கென்ன? படிகளைப் பயன்படுத்தி உயரலாமே."

"அவருக்கு ஏற்கெனவே உயரம் போதும்" என்றார் கணவர். கிண்டல் அவருக்கு வராது; உண்மையாகவே சொன்னார்.

அவள் பிளவைச் சேர்த்து ஒட்டி, உரசி, மெருகேற்றினாள். ஒன்றரை மணி நேர வேலை. தண்ணீர் ஊற்றிய கண்ணாடி டம்ளரில் போட்டு ஜன்னலோரம் வைத்தாள். வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தொண்ணூற்றாறு படி இறங்கி, செயலாளர் வீட்டு மணியை அழுத்தினாள்.

அவர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தார். மேல்வரிசை இல்லாமல் முகம் ஓர் அங்குலம் குறைந்திருந்தது.

"பல்லு ரெடி சார். லிஃப்ட் ஓடினதும் தர்றேன்."

"புரியலையே சகோதரி."

"நீங்க பூட்டை உடைக்கக் கையெழுத்துப் போடுங்க, நான் பல்லைத் தர்றேன். வியாழக்கிழமை என் மாமனாருக்கு ஆப்பரேஷன். அதுவரைக்கும் நீங்க கஞ்சி குடிங்க."

செயலாளரின் முகம் கறுப்பதை அவள் பார்த்தாள். அந்த ஒரு விநாடிக்காகத்தான் இறங்கி வந்திருந்தாள். ஆனால் மறு விநாடி அந்த முகம் மெல்ல மெல்லப் பூத்தது.

"நீங்க வட்டத்துலயே இல்லை. ஆனா தானா முன்வந்து எனக்குத் தீமை செய்யறீங்க" என்று ஈறால் சொன்னார். "இவ்வளவு நாளா எனக்கு மட்டும் ஒண்ணும் கிடைக்கலையேன்னு ஒரு குறை இருந்தது. நன்றி சகோதரி. நன்றி."

அவள் வாயைத் திறந்தாள். எதைச் சொன்னாலும் அதுவும் அவருக்கு உரமாகிவிடும் என்று தோன்றியது. மூடிக்கொண்டு படியேறினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பல்லில்லாமலே பேசினார். கணவர் முகம் சிவக்கத் திரும்பி வந்தார்.

"இன்னிக்கு மாதிரி சார் என்னிக்கும் பேசினதில்லை. பாதி புரியவே இல்லை. அவ்வளவு ஆழம்."

"மீதிப் பாதி?"

"அது உன்னைப் பத்தி. இந்த மாசம் வட்டத்துக்குக் கிடைச்ச உண்மையான தீமை ஐந்தாம் மாடிச் சகோதரிதான்னு எல்லார் முன்னாலயும் சொன்னார். கை தட்டினாங்க."

அவள் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜன்னலோரம் செயலாளரின் பற்கள் தண்ணீருக்குள் இளித்துக்கொண்டிருந்தன. ஒரு கிழவரைக் கஞ்சி குடிக்க வைத்திருக்கிறோம். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. அதில் ஒரு சின்ன ருசி இருந்ததும் பிடிக்கவில்லை. இவ்வளவு செய்தும் சாவி வரவில்லை என்பதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது. கெட்டவளாவதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை தராசு மூட்டையைக் கொண்டுவந்து பட்டறை மூலையில் இறக்கினார். வழியில் நின்ற மாமனார் அவர் தோளையும் கையையும் தடவிப் பார்த்து, "யாரு, தராசா?" என்றார். தராசு பதில் சொல்லாமல் போய்விட்டார். அவர் எப்போதும் அப்படித்தான் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அவரே வந்து கதவைத் தட்டினார். கையில் ஒரு சர்க்கரை டப்பா. கணவர் அலுவலகத்திலிருந்து வந்திருக்கவில்லை.

"மேடம், விதியில ஒரு சிக்கல்" என்றார். மெல்லிய குரல்தான், அடகுக்கடையில் பேசுகிறவரைப் போல.

"எந்த விதி?"

"ஒரு மாசத்துக்கு ஒரு தீமைதான். ஞாயித்துக்கிழமை சார் மேடையில உங்களைச் சொல்லிட்டார். அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கமில்லை. நீங்கதான் தீமைன்னா அப்ப நான் யாரு? ஒரே கல்லுல ரெண்டு முத்திரை இருந்தா அந்தக் கல்லு செல்லாது மேடம்."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அவர் டப்பாவைத் திறந்தார். சர்க்கரைக்குள்ளிருந்து சாவியின் தலை எட்டிப் பார்த்தது.

"ஒட்டும். கழுவிடுங்க."

"உங்ககிட்டயா இருந்தது? இருபத்தஞ்சு நாளா என் மூட்டையைத் தூக்கிட்டு வந்தீங்களே, உங்ககிட்டயா?"

"புள்ளி எனக்கு வந்துடுச்சு. மனுஷங்களுக்குக் கெடுதல் பண்ண எனக்குக் கை வராது. அதனால மெஷினுக்குப் பண்ணலாம்னு நினைச்சேன். மெயின் சுவிட்சை அணைச்சேன், பூட்டினேன். அவ்வளவுதான். லிஃப்ட்டுக்கு ஒண்ணும் இல்லை. போன மாசம்தான் எண்ணெய் போட்டாங்க."

"என் மாமனார் கண்ணு?"

"தெரியாது மேடம். நேத்து அவர் என்னைத் தடவிப் பார்த்தப்பதான்..." அவர் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "முத நாள் குற்ற உணர்ச்சியிலதான் பை தூக்கினேன். ரெண்டாம் நாளும் அதேதான். நாலாம் நாள் டீச்சர், 'நீங்க இல்லாட்டி நாங்க என்ன பண்ணுவோம்'னாங்க. பதினோரு வருஷத்துல என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதுக்கப்புறம் சுவிட்சைப் போட மனசு வரலை. லிஃப்ட் ஓடினா நான் எப்படி நல்லவனா இருப்பேன்? எனக்கு வேற வழி தெரியாது மேடம்."

அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். எதிரில் நிற்பவனை அறையலாம். இல்லை, உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கலாம். இரண்டும் பொருத்தமாகத்தான் இருந்தன, இரண்டுக்கும் தெம்பில்லை.

"இங்க பாருங்க. நீங்க நல்லவரா கெட்டவரான்னு எடைபோட எனக்கு நேரமில்லை. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வாங்க. லிஃப்ட்லேர்ந்து வெளிய போனா வாசல்ல ஏழு படி இருக்கு. அதுக்கு லிஃப்ட் கிடையாது, எப்பவும் கிடையாது. மாமாவைக் கையைப் பிடிச்சு இறக்கி விடுங்க. சாயங்காலம் கண்ணுல கட்டோட வருவார், ஏத்தி விடுங்க. செவ்வாய்க்கிழமை மூட்டைக்கும் அதே ஏழு படிதான். போதுமா நல்லவரா இருக்க?"

தராசு மனதுக்குள் ஏதோ கூட்டிக் கழித்தார். "போதும்" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டொன்றை எடுத்தார். நடுவில் கறுப்புப் புள்ளி. "அப்ப பொறுப்பை நீங்க ஏத்துக்கறீங்க. முப்பதாம் தேதி வரைக்கும். பின்னால ஒரு கையெழுத்துப் போட்டுட்டா முறையா இருக்கும்."

அவள் போட்டுச் சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். சாவிக்காக அன்று அவள் வேறு எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டிருப்பாள்.

வியாழக்கிழமை காலை லிஃப்ட் ஒரு முனகலோடு ஐந்தாம் மாடிக்கு வந்து நின்றது. மாமனார் உள்ளே ஏறி, கண்ணாடி என்று நினைத்து ஸ்டீல் சுவரைப் பார்த்துத் தலை வாரினார். கணவர் கோப்போடு ஆஸ்பத்திரிக்கே முன்னால் போயிருந்தார். வரிசையில் நிற்பது மட்டும் அவருக்கு ஆன்மா வளர்வதற்கு முன்பே நன்றாக வரும். மருமகளின் கைப்பையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டி. அதில் செயலாளரின் பற்கள். போகிற வழியில் கொடுத்துவிடலாம் என்றுதான் எடுத்து வைத்திருந்தாள்.

தரைத்தளத்தில் கதவு திறந்தது. தராசு குளித்துத் தலைவாரி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் செயலாளர், துண்டு இல்லாமலே.

"லிஃப்ட் ஓடுதே சகோதரி. பல்லு?"

அவள் பைக்குள் கை விட்டாள். பெட்டி கையில் தட்டுப்பட்டது.

"இன்னிக்குச் சாயங்காலம் சிறப்புக் கூட்டம் வச்சிருக்கேன்" என்று அவர் தொடர்ந்தார். "இந்த மாசம் எல்லாரும் எவ்வளவு வளர்ந்துட்டாங்க, உங்க வீட்டுக்காரரையும் சேர்த்து. அதுக்கு உங்க மாமனாரோட கண்ணும் ஒரு கருவியா இருந்திருக்கு. அதைப் பத்தித்தான் பேசப் போறேன். அந்தக் கண்ணுக்கும் என் நன்றி."

பெட்டியிலிருந்து அவள் கை விலகியது. பையைத் துழாவி, மடித்த சீட்டை எடுத்து விரித்துக் காட்டினாள்.

"முப்பதாம் தேதி வரைக்கும் நான்தான் சார். பின்னால கையெழுத்து இருக்கு, பாருங்க. நடுவுல நிறுத்த விதியில இடமில்லையே. நீங்கதானே எழுதினீங்க?"

செயலாளர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். தராசைப் பார்த்தார். தராசு, எடை சரியாக இருக்கிறது என்பது போலத் தலையசைத்தார். செயலாளரின் வாய் திறந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் யாருக்கும் நன்றி சொல்லாமல் நின்றார்.

தராசு முன்னால் போய் மாமனாரின் கையைப் பிடித்தார். இருவரும் வாசல்படியில் இறங்க ஆரம்பித்தார்கள். பின்னால் அவள், பையை மார்போடு அணைத்தபடி.

"என்னம்மா சொன்னான் அவன்?" என்று மாமனார் திரும்பாமல் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலை மாமா."

"அப்படியா" என்றார் அவர், காலால் அடுத்த படியைத் தேடிக்கொண்டே. "அப்ப நிஜமாவே கொஞ்சம் வளர்ந்துட்டான்."